முதுமலைக்கு முன்னால் முகத்துவாரம்

திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 25, பி.காம். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் மூன்று வருடமாக டாலி கிளார்க், வருகிற பெட்டிகளை எண்ணிக் குறிக்கிற வேலை. அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர், தாய்மாமாவுக்குக் காசிமேட்டில் ஒரு லாஞ்ச், அதாவது விசைப்படகு, ஓடுகிறது. இவருக்கு வனவிலங்குப் பாதுகாப்பில் வேலை செய்ய வேண்டும், அதுவும் மக்களோடு சேர்ந்து. வேலையை விட்டுவிட்டு முதுமலை, டாப்சிலிப் என்று எங்காவது தன்னார்வலராகப் போய்ச் சேரலாமா, பி.காம் படித்தவனை இந்தத் துறையில் யாராவது மதிப்பார்களா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். அப்புறம், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே எழுதிய மாதிரி கடைசியில் இன்னொன்று: "2025 ஜனவரில எங்க ஏரியா கல்லு மேலயே ஆமைங்க செத்து ஒதுங்குச்சு. நானே பாத்தேன். வீட்ல அதப் பத்திப் பேச முடியல, மாமா முகத்தப் பாக்கவும் முடியல. இப்படிப்பட்டவன் இந்த வேலைக்கு வரலாமா அக்கா?"

அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், நானும் தம்பி என்றே கூப்பிடுகிறேன். உங்கள் கடைசிக் கேள்விதான் உண்மையான கேள்வி. அதற்கு வருவதற்குள் மற்ற இரண்டையும் சட்டென்று முடித்துவிடலாம்.

வேலையை விடாதீர்கள். இப்போதைக்கு விடவே விடாதீர்கள். இந்தத் துறையில் சம்பளம் இல்லாமல் வேலை வாங்குகிறவர்கள் நிறையப் பேர். மூன்று நாள் முகாம், ஒரு சான்றிதழ், கூட ஒரு டி-ஷர்ட், அதற்கு நீங்களே காசு கட்ட வேண்டும் என்று வருகிறவர்களும் உண்டு. ஒரு மாதம், இரண்டு மாதம் கற்றுக்கொள்ளப் போகலாம், தப்பில்லை. ஒரு வருடம் சும்மா உழைத்துவிட்டு வீட்டில் கை ஏந்தி நின்றால், உங்கள் அம்மா "காட்டுல போயி என்னத்தடா கண்ட" என்று கேட்பது நியாயமாகிவிடும். பிள்ளையை வருடக்கணக்கில் உட்கார வைத்துச் சோறு போட முடிகிற வீடுகளிலிருந்துதான் இந்தத் துறைக்கு அதிகம் பேர் வருகிறார்கள், அதை யாரும் வெளியே சொல்வதில்லை. உங்களுக்கு அந்த வசதி இல்லை என்பதால் உங்கள் வழி கொஞ்சம் வேறாக இருக்கும். ஆரம்பச் சம்பளம், நான் பார்த்த வரையில், தி.நகர் துணிக்கடை சூப்பர்வைசருக்குக் கிடைப்பதைத் தாண்டாது. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது, அடுத்த திட்டம் வரும்வரை கையில் ஆறு மாதச் செலவுக்காவது பணம் இருக்க வேண்டும். அதை யார்டு சம்பளத்தில் இப்போதே சேர்க்க ஆரம்பியுங்கள்.

பி.காம் விஷயம். ஐ.எஃப்.எஸ். என்கிற இந்திய வனப் பணித் தேர்வுக்கு அறிவியல், வேளாண்மை, பொறியியல் என்று குறிப்பிட்ட பட்டங்கள் வேண்டும், அந்தக் கதவு உங்களுக்கு இல்லை. மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் எம்.எஸ்சி. இருக்கிறது, ஊட்டி அரசுக் கல்லூரியிலும் இருக்கிறது, அவையும் அறிவியல் பட்டதாரிகளுக்கானவை. நீங்கள் கேட்பதோ மக்களோடு சேர்ந்து செய்கிற வேலை. அதற்கு எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலை, படிக்கலாம், எந்தப் பட்டம் இருந்தாலும் சேரலாம், எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் உங்கள் வீட்டிலிருந்து ரயிலில் போய் வருகிற தூரம். விலங்குகளைப் பற்றிய அடிப்படைக்கு ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் நடத்துகிற என்பிடெல் பாடங்கள் இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால்தான் பணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பி.காம் என்பதை நீங்கள் கடிதத்தில் ஏதோ வியாதி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். சின்னத் தொண்டு நிறுவனங்களில் போய்ப் பாருங்கள், பறவையின் லத்தீன் பெயர் சொல்ல நாலு பேர் இருப்பார்கள், நிதி கொடுத்தவருக்குச் செலவுக் கணக்கு ஒழுங்காக எழுதித் தர ஒருத்தர் இருக்க மாட்டார். மார்ச் மாதம் வந்தால் அந்த ஆபீஸே காய்ச்சல் கண்ட மாதிரி இருக்கும். களத்துக்கும் போவேன், கணக்கும் எழுதுவேன் என்று சொல்கிற ஆளை அவர்கள் அவ்வளவு சுலபத்தில் விடமாட்டார்கள்.

டாலி கிளார்க் வேலையும் அப்படித்தான். பெட்டி நம்பர், சீல் நம்பர், வந்த நேரம், எந்த மூலையில் அடிபட்டிருக்கிறது, பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே எழுதுவது. எங்கள் களக் குறிப்பேடு இதேதான். எம்.எஸ்சி. முடித்து வருகிற பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கத்தைக் கொண்டுவர எனக்கு ஆறு மாதம் பிடிக்கிறது. "சாயந்திரம் ரூமுக்குப் போய் எழுதிக்கறேன் மேடம்" என்பார்கள். சாயந்திரத்துக்குள் பதினேழு கூழைக்கடா இருபது ஆகிவிடும்.

சரி, ஆமைக்கு வருவோம்.

அந்த ஜனவரியில் சென்னையிலும் அதற்குத் தெற்கேயும் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமைகள் ஆயிரத்துக்கும் மேல். உங்கள் பக்கம் மணல் ஏது, கல் கொட்டிய கரைதான், அதனால் அலை கொண்டுவந்து கல்லிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கும். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி இருந்ததா? அப்படி இருந்தால் பெரும்பாலும் மூச்சு முட்டிச் செத்தது. ஆமைக்கு இருப்பது நுரையீரல், மேலே வந்து மூச்சு எடுத்துத்தான் ஆக வேண்டும். லாஞ்ச் இழுத்துப் போகிற இழுவை மடிக்குள் மாட்டிக்கொண்டு பதறுகிற ஆமைக்கு உள்ளிருக்கிற காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும், இழுப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் பிழைப்பது கஷ்டம்.

ஆகவே உங்கள் மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் மாமா என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. கேட்காமலேயே தீர்ப்பு எழுதிவிட்டு ஒரு வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறீர்கள். இதை நான் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் வர ஆசைப்படுகிற வேலையில் தினமும் நடப்பது இதுதான்: ஒரு பக்கம் செத்த விலங்கு, இன்னொரு பக்கம் நமக்குத் தெரிந்த மனிதர், நடுவில் நாம். வெளியூரிலிருந்து வருகிறவர் அறிக்கை எழுதிவிட்டுப் போய்விடலாம். உங்களுக்கு அடுத்த கல்யாணத்தில் அதே மாமா பக்கத்தில் பந்தியில் உட்கார வேண்டும்.

அதனால் முதலில் விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்தது. அதன்படி கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது, ஆமை சீசனில் முட்டையிடும் கரைகளை ஒட்டி அது 5 கடல் மைல். இது ஆமைக்கு மட்டுமான சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், கரையோரம் வலை விரிக்கிற உங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கும் இதுதான் வேலி. லாஞ்ச் உள்ளே வந்தால் ஆமையும் சாகும், அப்பாவின் வலையும் அறுபடும். அப்பாவும் மாமாவும் ஒரே வீட்டில் என்றால் இந்தச் சண்டை உங்கள் வீட்டில் எப்போதோ நடந்திருக்க வேண்டும், ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

அடுத்தது ஆமை வெளியேறும் கருவி. டெட் என்பார்கள். வலையின் மடிக்கு முன்னால் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், இறால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து மடிக்குப் போய்விடும், ஆமை கம்பியில் முட்டி மேலேயோ கீழேயோ உள்ள வாய் வழியாக வெளியேறிவிடும். கொச்சியில் இருக்கிற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் ஊர் வலைகளுக்கு ஏற்ற மாதிரி ஒன்று செய்திருக்கிறது. லாஞ்ச்காரர்கள் மாட்ட மாட்டேன் என்கிறார்கள், பெரிய மீனும் அதே வழியாகப் போய்விடுகிறது என்று. அவர்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது, இல்லை என்று சொல்கிறவர்கள் லாஞ்சில் ஏறியதில்லை. ஆனால் இந்தக் கருவி இல்லை என்ற காரணத்தால் கடலில் பிடித்த இந்திய இறாலை 2019-லிருந்து அமெரிக்கா வாங்குவதில்லை. மாமாவிடம் ஆமை பாவம் என்று ஆரம்பித்தால் பேச்சு இரண்டு நிமிஷம் ஓடும். இறால் விலையில் ஆரம்பித்தால் இரண்டு மணி நேரம் ஓடும்.

இன்னொரு விஷயம், இது பல லாஞ்ச்காரர்களுக்கே தெரியாது. மடியில் அசையாமல் வருகிற ஆமை எல்லாமே செத்த ஆமை இல்லை. தண்ணீர் குடித்து மயங்கிக் கிடக்கும். அதை அப்படியே கடலில் தள்ளினால் மூழ்கிச் செத்துவிடும். மல்லாக்கப் போடாமல் வயிறு கீழே இருக்கிற மாதிரி வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயரத்துக்கு ஏதாவது கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும், நிழலில், ஈரச் சாக்கு போட்டு, மூக்கு மூடாமல். தண்ணீர் வடிந்து சில மணி நேரத்தில் எழுந்துகொள்வது உண்டு, ஒரு நாள் ஆனதும் உண்டு. எழுந்ததும் எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டு, வலை இல்லாத பக்கமாக மெதுவாக இறக்கிவிட வேண்டும். இதை உங்கள் மாமாவின் டிரைவருக்குச் சொல்லிக்கொடுக்க எந்த எம்.எஸ்சி.யும் வேண்டாம். கரையில் ஒதுங்கிய ஆமையை மட்டும், உயிரோடோ செத்தோ, நீங்களாகத் தொடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிற விலங்கு அது, வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள், நாய் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

மக்களோடு வேலை செய்வது பற்றி ஒரு வார்த்தை. உங்கள் கடிதத்தில் "மீனவர்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த" என்று மூன்று இடத்தில் வருகிறது. யாருக்கு, தம்பி? உங்கள் அப்பாவுக்கா?

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, எண்ணூர் பக்கம் ஒரு குப்பத்தில் கூட்டம் போட்டோம். ஆமை படம் போட்ட ஃபிளெக்ஸ், வாடகை புரொஜெக்டர், பிளாஸ்டிக் சேர் அறுபது. காலை பத்து மணி. அது ஆண்கள் கடலிலிருந்து வந்து தூங்குகிற நேரம், பெண்கள் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போயிருக்கிற நேரம் என்பது ஆபீசில் ஒருத்தருக்கும் தெரியவில்லை, உங்கள் திருவொற்றியூர்க் காலாடிப்பேட்டையிலேயே பிறந்த எனக்கும் உறைக்கவில்லை. சேருக்கு வந்தவர்கள் பள்ளிக்கூடம் போகாத நாலு பிள்ளைகள், ஒரு ஆயா. நான் பேசி முடித்ததும் ஆயா கேட்டார்: "ஆமை செத்தா பேனர் வெக்கிறீங்க. போன மாசம் ஆத்துல சுடுதண்ணி வுட்டு மீனெல்லாம் வெள்ளையா மெதந்துச்சே, அதுக்கு எங்கம்மா பேனர்?"

பதில் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தோம், அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அப்புறம் எட்டு மாதம் அதே குப்பத்துக்குக் கையை வீசிக்கொண்டு போனேன். வலை பின்னுகிற இடத்தில் உட்காருவேன். ஒரு நாள் ஒருத்தர் மீன்வளத் துறையிலிருந்து வந்த ஒரு படிவத்தை நீட்டி இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார், படித்துச் சொல்லிப் பூர்த்தி செய்து கொடுத்தேன். அடுத்த வாரம் ஆறு பேர் படிவத்தோடு வந்தார்கள். ஆமை என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை, ஐந்தாவது மாதமோ என்னவோ, அவர்களே எடுத்தார்கள். வலையில் மாட்டினால் வலையை அறுத்துத்தான் விடுகிறோம், சாமி மாதிரி அது, ஆனால் வலைக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று. நல்ல கேள்வி. மகாராஷ்டிராவில் இப்படி வலையை அறுத்து ஆமையை விட்டால் 25,000 ரூபாய் வரை அரசு இழப்பீடு கொடுக்கிறது, படம் எடுத்து அனுப்பினால் போதும். நம் பாக் விரிகுடாவில் கடற்பசுவை வலையிலிருந்து விட்ட மீனவர்களுக்குப் பாராட்டும் பணமும் கொடுத்திருக்கிறார்கள், 2022-ல் அங்கே கடற்பசுவுக்கென்றே 448 சதுர கிலோமீட்டர் கடல் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. சென்னைக் கரையில் வலை அறுத்தவருக்கு என்ன என்று கேட்க ஆள் வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்த ஆளாக இருந்தால் இன்னும் நல்லது: எத்தனை வலை, எந்த மாதம், ஒரு வலைக்கு எவ்வளவு.

நீங்கள் முதுமலை என்று எழுதியதும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. உங்கள் வீட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் சில ஸ்டேஷன் தள்ளி எண்ணூர், அப்புறம் அத்திப்பட்டு. கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிற முகத்துவாரம், அலையாத்தி, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேறு, அந்தச் சேற்றிலும் இரை தேடுகிற நாரைகள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு, குளிர்காலத்தில் பூநாரைக் கூட்டம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்தபோது இறக்கை எல்லாம் கருப்பாகிப்போன கூழைக்கடாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எண்ணெயை வாளியிலும் மக்கிலும் அள்ளியது யார் என்பதும் தெரிந்திருக்கும். இதை விட்டுவிட்டு யானை பார்க்கப் போகிறேன் என்றால் போங்கள், யானை எங்கேயும் ஓடிவிடாது.

ஆற்றில் இருளர் பெண்கள் இறால் தடவுவதைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? இடுப்பளவு தண்ணீரில் குந்தி நகர்ந்தபடி, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையும் அடிச் சேற்றில் துழாவும், பிடித்த இறால் நேராகப் பறிக்குள். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. அதில் ஒரு அம்மா ஒரு முறை தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார், முழுக்கக் கீறல். காக்கா ஆழி. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிப்பி, ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி ஒட்டிக்கொண்டு, இறால் புதைகிற சேற்றையே மூடிவிடுகிறது. கப்பல்கள் எடைக்காக ஏற்றிவந்து இங்கே கொட்டுகிற தண்ணீரில் வந்திருக்கும் என்கிறார்கள். நீங்கள் தினம் எண்ணுகிற பெட்டிகள் வந்த கப்பல் மாதிரி ஒன்றில். அந்தப் பெண்களின் கைதான் அதை முதலில் கண்டுபிடித்தது, ஆய்வுக் கட்டுரை எல்லாம் பின்னால்.

உங்களுக்கு நான் சொல்வது ஒரு வருட வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முகத்துவாரத்தில் ஒரே இடம், இடத்தை மாற்றாதீர்கள். ஒரு மணி நேரம். தண்ணீர் ஏற்றமா வற்றமா, என்ன பறவை, எத்தனை, யார் எந்த வலை போடுகிறார்கள், உள்ளே என்ன விழுந்தது. பறவை பெயர் தெரியாவிட்டால் அங்கே இருக்கிறவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதை எழுதுங்கள், புத்தகப் பெயரை அப்புறம் தேடலாம். ஒன்றுமே வராத நாளில் சைபர் என்று எழுதுங்கள், அந்தப் பக்கத்தைக் காலியாக விடாதீர்கள், யார்டில் வராத பெட்டிக்கு எழுதுகிற மாதிரியே. பறவைக் கணக்கை ஈபேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கிற பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் கலந்துகொள்ளுங்கள். தை, மாசியில் ஒரு சனிக்கிழமை இரவு தெற்கே போய், முட்டையிடக் கரையேறும் ஆமையைத் தேடி நடக்கிற ஆமை நடையில் ஒரு முறை நடந்துவிட்டு வாருங்கள், 1988-லிருந்து மாணவர்களே நடத்துகிறார்கள், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் 7 கிலோமீட்டர், ஆமை ஏறிய தடம் டிராக்டர் டயர் போன மாதிரி இருக்கும். வருடக் கடைசியில் 50 வாரக் குறிப்போடு ஒரு நிறுவனத்தின் வாசலில் போய் நின்றால், உங்கள் பட்டம் என்ன என்று கடைசியில்தான் கேட்பார்கள். வேண்டுமானால் அதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஊர்க்காரன், மீனவர் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் உங்களைக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறவனாக மட்டும் வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். குப்பத்துக்குள் கூட்டிப் போக, டீ வாங்கிக் கொடுக்க, மொழிபெயர்க்க. அறிக்கையில் உங்கள் பெயர் இருக்காது. முதல் நாளே கேட்டுவிடுங்கள், என் பெயர் வருமா, சம்பளம் எந்தத் தேதி என்று. கேட்டதற்காக யாராவது முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம். அதே மாதிரி, ஏதாவது தொழிற்சாலைக்காக அரை நாள் சுற்றிப் பார்த்துவிட்டு "இங்கே குறிப்பிடும்படியான விலங்கு எதுவும் இல்லை" என்று கையெழுத்துக் கேட்கிற ஆலோசனை நிறுவனங்களும் வரும், சம்பளம் நன்றாகவே இருக்கும். உங்களிடம் 50 வாரக் குறிப்பு இருந்தால் அந்தக் கையெழுத்தைப் போட உங்களால் முடியாது.

அடுத்த கடிதத்துக்கு முன்னால் ஒரு வேலை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், லாஞ்ச் எல்லாம் கரையில், மாமாவும் ஓய்வாக இருப்பார். ஒரு நாள் மாலை காசிமேட்டுக்குப் போய் அவர் படகில் ஏறி உட்கார்ந்து, ஒரு இழுப்புக்கு வலை எத்தனை மணி நேரம் தண்ணீரில் இருக்கும் என்று மட்டும் கேளுங்கள். ஆமையைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். அவர் சொல்கிற மணி நேரத்தை எழுதி அனுப்புங்கள். அதற்கு மேல் அவராக ஏதாவது சொன்னால் அதையும்.